ஒரு மாத லீவில் குமரியில் பறவை பார்க்கணும், 600 எம்எம் லென்ஸ் வாங்கலாமா?

கேள்வி இது: "சொந்த ஊர் ராஜாக்கமங்கலம் பக்கம். ஒன்பது வருடமாக மஸ்கட்டில் வேலை. அங்கே கடற்கரையில் பறவை பார்க்கப் பழகி, போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் பாதியில் ஒரு மாத லீவில் வருகிறேன். ஊரில் என்ன பறவை இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. எங்கே போகலாம், பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? வரும்போது 150-600 லென்ஸ் ஒன்று வாங்கி வரட்டுமா? நூறு வகை பார்த்துவிட முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. நூறு முடியும். நம்ம மாவட்டத்தில் கடல், காயல், உப்பளம், குளம், வயல், வாழைத்தோட்டம், ரப்பர், காடு எல்லாமே ஒரு மணி நேர பைக் தூரத்துக்குள் வந்துவிடும். காலையில் மணக்குடிக் காயல், மத்தியானம் வீட்டுத் தோட்டம், மறுநாள் காளிகேசம் காடு என்று சுற்றினால் பத்தே நாளில் நூறைத் தொடலாம். ஆனால் அப்படிச் சுற்றி முடித்து மஸ்கட் திரும்பும்போது, கையில் நூறு பெயர் இருக்கும், ஒரு பறவையைக்கூட அடுத்த தடவை தூரத்தில் பார்த்ததும் சொல்லத் தெரியாது. நானும் அப்படி இரண்டு வருடம் சுற்றியவன்தான். ஒரு நீர்நிலையைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை அங்கேயே போங்கள். மற்ற இடங்களுக்கு ஒவ்வொரு தடவை போதும்.

எந்த நீர்நிலை? நான் சொல்வது தேரூர் குளம். கவிமணி பிறந்த தேரூர்தான். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற வழியில் சுசீந்திரம் தாண்டினால் வந்துவிடும். சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றும் சேர்ந்த பகுதியை 2015-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். 2022-ல் சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், ஏறின. வேம்பனூர் உங்கள் ராஜாக்கமங்கலம் பக்கம்தான், இருபது ஹெக்டேர்கூட வராத சின்னக் குளம். காலையில் டீ குடித்துவிட்டு ஒரு எட்டு போய்விட்டு வரலாம். தேரூர் தூரமாக இருந்தால் இதையே உங்கள் குளமாக வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

டிசம்பர் பாதியில் வருகிறீர்கள் என்பதால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழை டிசம்பர்வரை குளத்தை நிறைத்து வைத்திருக்கும். குளம் நிறைந்திருந்தால் சேறு வெளியே தெரியாது, சேறு இல்லாவிட்டால், சேற்றைக் கிளறி இரை தேடும் உள்ளான் இனங்களுக்கு அங்கே வேலை இல்லை. அப்போது வாத்து, தாழைக்கோழி, இலைக்கோழி, மீசை ஆலா இவைதான் அதிகம். ஜனவரியில் தண்ணீர் மெல்ல இறங்க இறங்கக் கரையோரம் ஒரு முழம் சேறு தெரியும். அந்த ஒரு முழத்துக்கு எங்கிருந்துதான் தகவல் போகுமோ, இரண்டே நாளில் கூட்டம் வந்துவிடும். ஒரே குளத்துக்குப் பத்துத் தடவை போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீர்மட்டம் மாறுவதும் பறவை மாறுவதும் சேர்ந்து நடப்பதை ஒரு மாதத்துக்குள் கண்ணால் பார்க்கலாம்.

தாமரை படர்ந்த குளமாக இருந்தால் இன்னும் விசேஷம். இலைக்கோழி தன் நீளமான விரல்களைப் பரப்பி இலைமேல் நடக்கும். உடல் பாரம் பிரிந்துவிடுவதால் இலை முழுகாது. நீலத்தாழைக்கோழி தண்டை முறித்து, ஒரு காலால் பிடித்து, ஆள் கரும்பு தின்பதுபோல உரித்துத் தின்னும். பார்க்க நமக்கு அழகு. தாமரைக் குத்தகை எடுத்தவரிடம் போய் அழகு என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இனி பெயர் கண்டுபிடிக்கிற விஷயம். எல்லோரும் நிறத்தில் தொடங்குவார்கள். குளத்தில் நிறம் ஏமாற்றும். காலை வெயில் எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கருப்புதான். குருட்டுக் கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த சேற்றின் நிறம். எழுந்து பறந்தால் பளீரென்று வெள்ளை. புதிதாகப் பார்ப்பவர்கள் அதை இரண்டு பறவையாக எழுதுவார்கள். ஆகவே அளவு, மூக்கு, நடை, இடம் என்ற வரிசையில் பாருங்கள். நிறம் கடைசியில் வரட்டும்.

வெள்ளைக் கொக்குகளில் தொடங்குவது நல்ல பயிற்சி. நம்ம ஊரில் "கொக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். வயலில் மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு. கட்டை மூக்கு, மஞ்சள் நிறம், கழுத்தும் குட்டை. சின்னக் கொக்கின் மூக்கும் காலும் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். மஞ்சள் சாக்ஸ் போட்டதுபோல இருக்கும். ஆழமில்லாத தண்ணீரில் அந்தப் பாதத்தை உதறி உதறி மீனைக் கிளப்புவதைப் பார்த்தால் வேறு அடையாளமே வேண்டாம். குழப்பம் வருவது இடைக்கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் இடையில். டிசம்பரில் இரண்டுக்கும் மூக்கு மஞ்சள், கால் கருப்பு. தனியாக நிற்கும்போது அளவும் தெரியாது. அப்போது வாயின் ஓரத்தைப் பாருங்கள். வாய் பிளக்கும் கோடு கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் இடைக்கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. இதைப் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு கழுத்து வளைவை வைத்தே சொல்ல வந்துவிட்டது.

மஸ்கட் கடற்கரையில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கொக்கு நிற்குமே, தொண்டையில் வெள்ளை வைத்து, அது கரைக்கொக்கு. அதிலேயே முழு வெள்ளையும் உண்டு. நம்ம கடலோரத்திலும் வரும். சின்னக் கொக்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாத கண் உங்களுக்கு ஏற்கனவே இருக்கும். நீங்கள் புது ஆள் கிடையாது, அங்கே கற்றதில் பாதி இங்கே செல்லும். பனங்காடை, மைனா, பச்சைக்கிளி, ஊதாத் தேன்சிட்டு, வீட்டுக்காக்கா எல்லாம் மஸ்கட்டிலும் உண்டு, இங்கும் உண்டு. உள்ளான்களும், குட்டை மூக்கோடு கரையில் ஓடி மேயும் உப்புக்கொத்திகளும் இரண்டு கரைக்கும் பொது. வடக்கே கூடு கட்டிவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்கும்போது ஒரு கூட்டம் அரேபியக் கரையோரம் ஆப்பிரிக்காவை நோக்கிப் போகிறது, இன்னொரு கூட்டம் மத்திய ஆசிய வழியாக நம்மிடம் வருகிறது.

உப்புக்கொத்தி என்றதும் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்கள்தான் நினைவுக்கு வரும். பெயரே அந்த மண்ணில் முளைத்ததுபோல இருக்கிறது. பாத்தி வரப்பில் கொசு உள்ளான் ஓடுவதைக் கட்டாயம் பாருங்கள். எடை முப்பது கிராம்கூட இருக்காது, ஒரு கோழிமுட்டையில் பாதி. ஆர்க்டிக் கரையோரச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இந்த உப்புத் தண்ணீருக்கு வந்து நிற்கிறது. நெடுங்கால் உள்ளானும் பவளக்காலியும் பச்சைக்காலியும் இருக்கும். பூநாரை வருகிற வருடம் கூட்டமாக வரும், வராத வருடம் ஒன்றுகூட இருக்காது. அதை நம்பி லீவு போடாதீர்கள்.

அந்த உப்பளத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப நாட்களில் ஒரு காலை அங்கே நின்று நோட்டில் மூன்று உள்ளான் எழுதினேன். பெரியது ஒன்று, ஆரஞ்சுக் கால். அதைவிட நன்றாகச் சின்னது ஒன்று, பச்சைக் கால். வெளுத்த கழுத்தோடு இன்னொன்று. மூன்றும் ஒரே கூட்டத்தில் மேய்ந்தன. மூன்றுக்கும் மூன்று பெயர் போட்டு, அதில் ஒன்று அபூர்வம் என்று நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பினேன். உப்பு வாருகிற பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "என்ன மக்கா, அரை மணிக்கூரா அதையே பாத்துட்டு நிக்க?" என்றார். "மூணு தினுசு இருக்கு அண்ணாச்சி" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான். அவன் பெரிசு, அவ சிறிசு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மூன்றும் பேதை உள்ளான். ஆண் பெரியது, பெண் சிறியது, கால் நிறம் பறவைக்குப் பறவை மாறும். பேதை யார் என்று அன்று தெரிந்தது. அந்தப் பெரியவர் புத்தகம் எதையும் புரட்டவில்லை, பறவைகள் ஒன்றோடு ஒன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

நோட்டில் ஒரு சின்னப் படம் வரையுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. முட்டை வடிவில் உடம்பு, அதில் மூக்கு எவ்வளவு நீளம் என்று தலையோடு ஒப்பிட்டு ஒரு கோடு. மணல் நிற உப்புக்கொத்திகளில் பெரியதையும் சின்னதையும் பிரிக்க இந்த அளவுதான் கைகொடுக்கும். மூக்கின் அடியிலிருந்து கண்ணின் பின்னோரம்வரை உள்ள தூரத்தைவிட மூக்கு நீளமாக இருந்தால் பெரியது. வரையும்போது கை அளந்துவிடும், கேமரா அமுக்கும்போது அளக்காது.

செயலிகளைப் பற்றி இரண்டே வார்த்தை. கார்னெல் பறவையியல் கூடம் 2002-ல் தொடங்கிய இ-பேர்டில் உங்கள் பட்டியலைப் போடுங்கள். மஸ்கட் பட்டியலும் மணக்குடிப் பட்டியலும் ஒரே கணக்கில் நிற்கும். எண்ணிக்கையோடு போடுங்கள். "பார்த்தேன்" என்பதைவிட "பொரி உள்ளான் 14" என்பது பிற்பாடு யாருக்காவது உதவும். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், நல்ல துணைதான். ஆனால் மலைக்குப் போனால் துடுப்புவால் கரிச்சான் என்று ஒருத்தன் இருக்கிறான், நாலைந்து பறவையின் குரலை வரிசையாகப் பேசுவான். செயலி அத்தனை பெயரையும் நம்பி எழுதிவிடும். கண்ணால் பார்க்காததைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

லென்ஸுக்கு வருகிறேன். பைனாகுலர் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். 8x42 போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வரும். அந்த அகலத்துக்கு ஒளி உங்கள் கண்ணுக்குள் இறங்குகிறது. விடியற்காலையிலும் காட்டு நிழலிலும் அதன் அருமை தெரியும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

அதற்குமேல் காசு இருந்தால் 150-600 வாங்கலாம், கெட்ட யோசனை இல்லை. தேரூரில் பறவை எண்பது நூறு மீட்டரில் இருக்கும், அங்கே 600 வேண்டும். ஆனால் இரண்டு கிலோ பாரம். காளிகேசம் ஏற்றத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பறவை பார்ப்பதை விட்டுவிட்டு உட்கார இடம் தேடுவீர்கள். 100-400 என்றால் கையிலேயே பிடிக்கலாம். உப்பள வரப்பில் அசையாமல் உட்கார்ந்து பழகினால் அதுவே போதும். முதல் பத்து நிமிடம் எல்லாம் விலகிப் போகும். இருபதாவது நிமிடம் உப்புக்கொத்தி உங்கள் செருப்புக்கு ஆறடி தூரத்தில் மேயும். துரத்திக்கொண்டு போனால் எந்த லென்ஸும் பத்தாது. உப்பளத்துக்குள் இறங்குவதற்கு முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பாத்தி வரப்பை மிதித்து உடைக்காதீர்கள்.

எடுக்கும் முறையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை கொஞ்சம். உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/640 நொடி, பறப்பதற்கு 1/2000. வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது கேமராவின் எக்ஸ்போஷர் அளவில் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள். கருத்த தண்ணீரைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கின் இறகு வெந்து சுண்ணாம்புப் பூச்சுபோல ஆகிவிடும். உடம்பைத் தாழ்த்தி, பறவையின் கண்மட்டத்துக்கு வாருங்கள். வேட்டியோ லுங்கியோ கட்டிப் போங்கள், சேற்றில் உட்கார ஜீன்ஸ் ஆகாது. உப்பளத்தில் ஒன்பது மணிக்குமேல் எடுக்காதீர்கள். தரையிலிருந்து கானல் எழும்பும், எத்தனை விலை கொடுத்த லென்ஸானாலும் படம் தண்ணீருக்குள் எடுத்ததுபோல நெளியும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோன ஆள் நான்.

மணக்குடிக்குப் போனால் காலையில் கீழமணக்குடிப் பக்கம் நில்லுங்கள். கீழ என்றால் கிழக்கு, வெயில் உங்கள் முதுகில் விழும், காயல் எதிரே மேற்கில். மாலையில் மேலமணக்குடிப் பக்கம். ஊர்ப்பெயரிலேயே குறிப்பு இருக்கிறது. பழையாறு அங்கே கடலில் சேர்கிறது. காயல் கடலில் திறக்கும் வாயான பொழிமுகத்தில் மணல் அடைத்திருந்தால் காயல் நிறைந்து கிடக்கும். திறந்திருந்தால் நீர் வடிந்து திட்டு தெரியும், கடற்காகமும் ஆலாவும் அதில் வரிசையாக உட்காரும். பொழி திறந்திருக்கிறதா என்று மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பொழியில் நின்று எடுத்த நாளில் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைப் பிழிந்து கேமராவைத் துடையுங்கள். உப்புக்காற்று திருகாணியைத் தின்றுவிடும்.

மலைப்பக்கம் ஒரு நாள் போதும். கீரிப்பாறை, காளிகேசம் போனால் ஓடையோரம் சீகாரப் பூங்குருவி விசிலடிக்கும். சோம்பேறிப் பையன் ஒருவன் பாட்டை நடுவில் மறந்து மறந்து விசிலடிப்பதுபோல இருக்கும். தீக்காக்கையும் இருவாச்சியும் அதிர்ஷ்டம். இன்னும் மேலே முத்துக்குழிவயல் உயரத்தில் அசம்புச் சிரிப்பான் உண்டு. அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழ்கிற பறவை, அசம்பு மலையின் பெயரையே தாங்கியிருக்கிறது. அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு மாத லீவில் அதற்கு அலையாதீர்கள். காட்டில் போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடும் வேலை மட்டும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து மேய்ச்சலை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும், நமக்குப் படம், அதற்கு ஒரு வேளைப் பட்டினி. கூடு கண்டால் எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள். நாம் நின்ற இடத்தைக் காக்கா பார்த்துக்கொண்டே இருக்கும், நாம் போனதும் முட்டையைத் தேடி வரும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிகளுக்கு நடுவே உள்ள பொட்டல் வேறு உலகம். கௌதாரி, வானம்பாடி, மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. ஒரு மாலை போய்வாருங்கள்.

வீட்டை மறந்துவிடாதீர்கள். வீட்டில் மரம் அடர்ந்த தோட்டம் இருந்தால், மாலை ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஆறுமணிக்குருவி. வடக்கே கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்தில் நம்ம தோட்டங்களில் வந்து தங்கும். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் சிவப்பு, அத்தனை நிறம் இருந்தும் சருகில் நின்றால் கண்ணுக்குப் படாது. வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய்ச் சில வீட்டுக்குள்ளேயே விழும். எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு வருடம் விழுந்தது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இருட்டில் வைத்திருந்து, சாயங்காலம் மாமரத்தடியில் திறந்துவிட்டோம். ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் தத்தித் தத்திச் சருகுக்குள் போனது. படம் எடுக்கவில்லை. கேமரா மேலே மாடியில் இருந்தது, போய் எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. எந்தப் பறவையின் காலிலாவது உலோக வளையமோ நிறக்கொடியோ கண்டால் அதை மட்டும் பெரிதாக்கி எத்தனை படம் முடியுமோ எடுங்கள், எண் தெரிகிற மாதிரி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது, அவர்கள் வளையத்தில் தகவல் தெரிவிக்கச் சொல்லி எழுதியிருக்கும். அந்த எண்ணை அனுப்பினால் எங்கே, எந்த வருடம் மாட்டியது என்று தெரிய வாய்ப்பு உண்டு.

லீவு ஜனவரி பாதிவரை என்றால் பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உங்களுக்குக் கிடைக்கும். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணி இ-பேர்டில் போட்டால் போதும். அதற்குள் உங்கள் குளத்துக்கு எட்டு ஒன்பது தடவை போயிருப்பீர்கள். டிக்கெட்டை மட்டும் பொங்கல் கழிந்து போடுங்கள்.